சேறு இறங்காமல் எழுந்த தொழிற்சாலை

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் சின்னதாக ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். இளம் பொறியாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மேடம் ஒரு காலத்துல தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒரு ஃபேக்டரியவே இழுத்து மூடினவங்க" என்றார். கைதட்டல் பலமாக எழுந்தது. என் முறை வந்தபோது நான் முதலில் அதைத்தான் திருத்தினேன். நான் எந்தத் தொழிற்சாலையையும் மூடவில்லை. அவர் சொன்ன தொழிற்சாலை இன்றைக்கும் மூன்று ஷிப்டு ஓடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் ஓடையும் ஓடுகிறது. இரண்டும் ஓடுவதில்தான் எனக்குப் பெருமை.

"அப்படின்னா நடந்ததை எழுதிக் குடுங்க மேடம்" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இன்று ஓசூரிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் ஒரு சரிவை வெட்டிச் சமன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். மேலே ட்ரோன் பறக்கிறது, கேமரா படம் அனுப்புகிறது. ஆனால் மழை விழுந்ததும் மண் கீழேதான் இறங்குகிறது. அதை யாராவது போய் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். சிவில் படித்துவிட்டு, சுற்றுச்சூழல் விதிகளைக் கண்காணிக்கும் அரசு வேலைக்கு வந்தேன். பயிற்சிக் காலம் தோல் பதனிடும் ஊர்களில் கழிந்தது. அங்கே கற்றதெல்லாம் புகைபோக்கியும் கழிவுநீரும்தான். ஓசூருக்கு மாற்றலாகி வந்தபோது, கட்டுமான இடத்திலிருந்து ஓடும் மண்ணும் என் பொறுப்பில் வந்தது. அதை யாரும் மாசாகவே நினைக்கவில்லை. "மண்ணு எப்படிம்மா மாசாகும்? நாம நடக்கறதே மண்ணு மேலதானே?" என்று என்னிடம் கேட்காத ஒப்பந்ததாரர் கிடையாது. உண்மையைச் சொன்னால், வந்த புதிதில் எனக்கே அதற்கு நல்ல பதில் தெரியாது.

பதில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மாவட்ட அதிகாரி வேதமூர்த்தி சார். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். என்னைவிட எவ்வளவோ மூத்தவர். ஆனால் கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். அவரோடு ஆய்வுக்குப் போவது தனி அனுபவம். வண்டி வாசலில் நின்றதும் மேலாளர் ஓடி வந்து, "வாங்க சார், ஆபீஸ்ல உக்காந்து பேசுவோம்" என்பார். சார் சிரித்துக்கொண்டே, "தண்ணி எங்க வெளிய போகுது? அங்க போயிட்டு வந்துடுவோமே" என்பார். அந்த இடத்தின் ஆகத் தாழ்ந்த மூலைக்கு முதலில் போக வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வர வேண்டும். அதன் பிறகுதான் டீ, வரைபடம், பேச்சு எல்லாம். மேலிருந்து தொடங்கினால் அவர்கள் காட்டுவதைப் பார்ப்போம், கீழிருந்து தொடங்கினால் தண்ணீர் காட்டுவதைப் பார்ப்போம் என்பது அவர் கணக்கு.

ஆய்வுக்கு அவர் பெரும்பாலும் மழை நாளையே தேர்ந்தெடுப்பார். "வெயில்ல எல்லா சைட்டும் நல்ல சைட்டு" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என் அறிக்கைகளில் 'போதிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் மூன்று கேள்வி எழுதுவார்: 'எது? எங்கே? எவ்வளவு ஆழம்?' ஆறு மாதத்தில் 'போதிய' என்ற சொல்லே என் பேனாவிலிருந்து காணாமல் போய்விட்டது.

சரிவில் கட்டும்போது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையையும் அவர்தான் மனதில் பதிய வைத்தார். மண்ணைத் தொடுவதற்கு முன்பே கீழே வண்டல் குட்டை வெட்ட வேண்டும். அழுக்கு நீர் அதில் தங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்த நீர் மட்டும் மேல்விளிம்பு வழியாக வெளியேற வேண்டும். மேலிருந்து வரும் நல்ல மழைநீர் வெட்டிய மண்ணில் படாமல் சுற்றிப் போவதற்குத் தனிக் கால்வாய் வேண்டும். சரிவு முழுவதையும் ஒரே நேரத்தில் உரிக்கக் கூடாது. ஒரு பகுதியை வெட்டி, மண்ணைப் பிடித்துவைக்கத் தேங்காய் நார்ப்பாய் விரித்துப் புல் பிடித்த பிறகே அடுத்த பகுதி. இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக்கிவிடுவார்கள். கட்டடம் முதலில், குட்டை கடைசியில்.

நான் சொல்ல வந்த சம்பவமும் அப்படித்தான் தொடங்கியது.

தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு குன்றுச் சரிவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. சரிவின் அடியில் ஓர் ஓடை. அது கர்நாடகத்தில் பிறந்து, எல்லையில் ஒரு சிறுபாலத்தைக் கடந்து நம் பக்கம் வந்து, கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள் நுழைகிறது. காட்டு விளிம்பில் பாறைகளுக்கு நடுவே ஆழமான மடு ஒன்று இருக்கிறது. கோடையிலும் வற்றாது. யானைகள் அங்கே தண்ணீர் குடிக்கும். ஊர்க்காரர்கள் கல்லொட்டி என்று சொல்லும் சிறு மீன், ஓட்டம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பாறையைக் கவ்விக்கொண்டு பாசி மேயும். மழைக்காலத்தில் கூழாங்கல் இடுக்குகளில்தான் அதன் முட்டைகள் பொரியும். அந்த இடுக்கில் மெல்லிய சேறு படிந்தால் முட்டைக்கு மூச்சு கிடைக்காது. மீன் மட்டுமல்ல, கல்லுக்கு அடியில் வாழும் தட்டான் பூச்சியின் குஞ்சு முதல் எல்லாம் போய்விடும். வயலில் இருக்கும்போது உணவு தரும் அதே மண், ஓடையில் இறங்கினால் அதன் மூச்சை அடைக்கும். ஒப்பந்ததாரர்களுக்குச் சொல்ல எனக்கு இப்போது பதில் இருந்தது.

கோடை மழை பெய்து முடிந்த ஒரு நாள், மடுவுக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த பைரப்பா என்ற விவசாயி அலுவலகத்துக்கு வந்தார்.

"அம்மா, எங்க மடுவுல தண்ணி செக்கச்செவேல்னு ஆயிப்போச்சிங்க. மாடு மூக்கை வெச்சிட்டு அப்படியே திரும்பிக்கினு வந்துடுது" என்றார். நான் எழுந்து ஆய்வுப் பையை எடுத்ததும் அவர் முகத்தில் இன்னொரு கவலை வந்துவிட்டது. "ஆனா ஃபேக்டரிய நிறுத்திடாதீங்கம்மா. எம் மருமவ அந்தக் கம்பெனி ட்ரெயினிங்ல சேந்துக்கிறா. பத்தாவது படிச்ச பொண்ணு, இப்பத்தான் ஒரு வேலைன்னு கிடைச்சிருக்குது. தண்ணிய மட்டும் பாருங்க."

தண்ணீரை மட்டும் பார். என் பணிக்காலம் முழுவதிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு வேலை கொடுத்ததில்லை.

கட்டுமானத்தின் மேலாளர் ஜெயசீலன் தூத்துக்குடிக்காரர். கறுத்து உயர்ந்த மனிதர். வெயிலில் நின்று வேலை வாங்குகிறவர். நான் நேராகக் கீழ்மூலைக்குப் போனதில் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். அங்கே குட்டை என்ற பெயரில், தளர்ந்த மண்ணைக் குவித்துக் கரை போட்ட ஒரு பள்ளம் இருந்தது. பாதி தூர்ந்திருந்தது. சரிவு முழுவதும் தோலுரித்த மாதிரி சிவந்து கிடந்தது.

"மேடம், குட்டைய பெருசாக்கிருதேன். ஆனா ஓடையில போறது எங்க மண்ணு இல்ல" என்றார் ஜெயசீலன். "மேல கர்நாடகாக்காரன் வீட்டுமனை லேஅவுட் போடுதான். மலையவே கொடைஞ்சு போட்டிருக்கான். அவன் மண்ணுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அலுவலகம் திரும்பி சாரிடம் சொன்னேன். "அவர் சொல்றது பொய்யா?" என்று கேட்டார்.

"பாதி உண்மை சார்."

"எந்தப் பாதி?"

அதைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை என்பதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

எல்லையில் இருக்கும் சிக்கல் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. தண்ணீருக்கு மாநிலம் கிடையாது, அதிகாரிக்கு உண்டு. பாலத்துக்கு அப்பால் என் கையெழுத்து செல்லாது. முறைப்படி கடிதம் எழுதினால் அது சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்த் திரும்புவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். சாரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் என் வேலையையே பார்த்துவந்த சுஜாதா என்ற பெண் அதிகாரிக்கு நேரடியாகப் போன் செய்தேன். ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு முறை சந்தித்த பழக்கம்தான். எனக்குத் தெரிந்த ஓசூர்க் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், அடுத்த மழைக்கு வருகிறேன் என்றார்.

மழை ஒரு காலை வேளையில் வந்தது. சுஜாதா மழைக்கோட்டோடு பாலத்தில் நின்றிருந்தார். ஜெயசீலனையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கண்முன்னால் எடுக்காத தண்ணீர் மாதிரிக்கு மரியாதை இருக்காது. ஓடையில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம். ஒன்று எல்லைப் பாலத்துக்கு அடியில். இரண்டாவது தொழிற்சாலை நீர் வந்து கலப்பதற்குச் சற்று மேலே. மூன்றாவது கலந்த பிறகு கீழே. பாட்டிலை ஓட்டத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்துக்கு மேலேதான் மொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம் கால் கிளப்பிய சேறே உள்ளே வந்துவிடும்.

பிறகு ஜெயசீலனின் தகரக் கொட்டகையில் மேஜை மீது மூன்று கண்ணாடிக் கூம்புகளை நுனி கீழாகத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினேன். ஒரு மணி நேரம் அது அசையாமல் நிற்க வேண்டும். முக்கால் மணியானதும் கண்ணாடிக் குச்சியால் உட்சுவரை மெல்ல வருடி, ஒட்டியிருக்கும் துகள்களையும் இறக்கிவிட வேண்டும். மேஜையில் யாரும் கை வைக்கக் கூடாது. நால்வர் சுற்றி உட்கார்ந்து மூன்று கூம்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. நான்காவது ஆள் பைரப்பா. அவரும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

மண் கண்முன்னே இறங்கியது. முதல் கூம்பின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு சேறு. இரண்டாவதிலும் அவ்வளவுதான். மூன்றாவதில் நடுவிரல் நீளத்துக்கு நின்றது.

சுஜாதாதான் முதலில் வாய் திறந்தார். முதல் கூம்பைக் காட்டி, "நோடி மேடம், நம்ம கடெயிந்தானூ பர்தா இதெ" என்றார். எங்கள் பக்கத்திலிருந்தும் வருகிறது பாருங்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னது ஜெயசீலனை அசைத்துவிட்டது. அவர் மூன்றாவது கூம்பைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். "எங்க மண்ணுதான் மேடம்" என்றார் மெதுவாக. "நிறமே சொல்லுதே."

வேலையை முழுக்க நிறுத்தச் சொல்லி உத்தரவு போடுவது எனக்குச் சுலபம். அதற்கு அச்சடித்த வாசகமே இருக்கிறது. ஆனால் அந்தச் சரிவில் ஒடிசாவிலிருந்தும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கூலியாட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நிறுத்தினால் முதலில் மூட்டை கட்டுவது அவர்கள்தான். அதோடு, தோண்டிய சரிவை அப்படியே போட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு இன்னும் அதிக மண் இறங்கும். அன்று மாலை சாரும் நானும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். மண் வெட்டுவது மட்டும் நிற்க வேண்டும். கட்டடத்துக்கு உள்ளே நடக்கும் வேலை நடக்கட்டும். மண் வேலையில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் குட்டை, கால்வாய், நார்ப்பாய் வேலைக்கு மாற வேண்டும். இப்படி எழுதினேன். சார் படித்தார். இந்த முறை ஓரத்தில் கேள்வி எதுவும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே மேலிடத்திலிருந்து போன் வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒரு மண் விஷயத்துக்காக இப்படியா என்று கேட்டார்கள். சார் எதிரில் நான் நின்றிருந்தேன். அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "சரிங்க சார். உத்தரவை வாபஸ் வாங்கணும்னா நீங்க எழுத்துல குடுங்க. நான் மடுவுக்குப் போயிட்டு வந்து பதில் எழுதுறேன். நீங்களும் வந்தா நல்லாருக்கும், மழை நாளா பாத்து வாங்க" என்றார். எழுத்தும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

குட்டைக்குக் கல் கட்டும் வேலை பாதியில் இருந்தபோதுதான் அந்தப் பெருமழை வந்தது. பிற்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டது. நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். இறங்கி நேராகக் கீழ்மூலைக்கு நடந்தேன். பழைய மண்கரை விளிம்பு வரை செந்நீர் தளும்பிக்கொண்டிருந்தது. கரையின் அடியில், வெளிப்பக்கம், கசிவு தொடங்கியிருந்தது. கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை; சேறாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். சேறாகத்தான் வந்தது. கரை உடைந்தால் மொத்தச் சேறும் ஒரே மூச்சில் ஓடையில் இறங்கி மடுவை மூடிவிடும். கல்லொட்டிகளின் முட்டைக் காலம் அது.

நீரைத் திருப்ப ஒரே இடம்தான் இருந்தது. தொழிற்சாலை நிலத்துக்குள்ளேயே கைவிடப்பட்ட பழைய கல்குவாரிக் குழி. ஓடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அதற்குள் பெரிய நீர்த்தொட்டிக்குக் கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் போடத் தயாராக வைத்திருந்தார்கள். பல வார வேலை.

ஜெயசீலன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல தண்ணிய விட்டா கம்பி பூரா சேறாயிரும் மேடம். மறுபடி எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவிக் கட்டணும். என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க."

"தெரியும். இதுக்கு நான் உத்தரவு போட முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. கேக்கத்தான் முடியும். கேக்குறேன்" என்றேன்.

அவர் போனை எடுத்து மேலதிகாரிக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். கரையின் அடியில் ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மண்வெட்டும் இயந்திரத்தை நோக்கி ஓடினார். "வெட்டுங்கடே! குழியப் பாத்து வெட்டுங்க!" என்று மழையை மீறிக் கத்தினார்.

இயந்திரம் வாய்க்கால் வெட்ட வெட்ட, ஆட்கள் பின்னாலேயே தார்ப்பாய் விரித்துக் கல் அடுக்கினார்கள். சொல்லாமலே எல்லோரும் கூடிவிட்டார்கள். சமையல்காரர் வரை கல் சுமந்தார். நானும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றேன். செந்நீர் வாய்க்காலில் திரும்பி, இரைச்சலோடு குவாரிக் குழிக்குள் விழுந்தது. கட்டி வைத்த கம்பிகள் ஒவ்வொரு வரிசையாக மூழ்கின. ஜெயசீலன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குட்டையில் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கியது. கசிவு மெலிந்தது. கரை நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜெயசீலன் பயந்தது போலவே நிறுவனத்தில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். சாரிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலை தானே கிளம்பி அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். நான் உடன் போயிருந்தேன். முதலாளியிடம் அவர் சொன்னது இரண்டே வாக்கியம்: "அன்னைக்கு அந்தக் கரை உடைஞ்சிருந்தா உங்க தொழிற்சாலை இந்த வருஷம் திறந்திருக்காது. அதைத் திறக்க வெச்சவர் உங்க மேலாளர்." பிறகு டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஜெயசீலன் வேலையில் நீடித்தார்.

விழா தள்ளிப்போனது. கம்பிகளைப் பிரித்துக் கழுவி மறுபடி கட்டினார்கள். சரிவைப் படிப்படியாக வெட்டி, எங்கள் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த தேங்காய் நார்ப்பாயை விரித்தார்கள். புல் பிடித்தது. பாலத்துக்கு அப்பால் சுஜாதாவும் சும்மா இருக்கவில்லை. லேஅவுட்காரர்களை அவர் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்பது தனிக்கதை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கேயும் ஒரு குட்டை வந்துவிட்டது.

மழை ஓய்ந்த பிறகு வனத்துறை ஆட்களோடு மடுவுக்குப் போனேன். பைரப்பா முன்னால் நடந்தார். தண்ணீரில் லேசான பழுப்பு இருந்தது, ஆனால் அடிப்பாறை தெரிந்தது. "அதோ பாருங்கம்மா" என்று ஒரு பாறையைக் காட்டினார். ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு, விரலில் பாதிகூட இல்லாத குஞ்சுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை என்று எண்ண முடியவில்லை. பாறையே அசைவது போல இருந்தது. அவர் மருமகள் அந்த மாதம்தான் பயிற்சி முடித்து நிரந்தர வேலைக்கு ஆணை வாங்கியிருந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ சரிவுகளைப் பார்த்துவிட்டேன். சூளகிரியில், பேரிகையில், இன்னும் எங்கெங்கோ. நான் எழுதிய நிபந்தனைகளில் பல இப்போது எல்லாக் கட்டுமான அனுமதியிலும் வழக்கமான வரிகளாகிவிட்டன. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான்.

இந்த வருடம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சமயம் ஜெயசீலன் போன் செய்தார். ஒடிசாவில் ஒரு மலையடிவாரத்தில் வேலை செய்கிறாராம். புதுத் தொழிற்சாலை.

"மேடம், இங்க குட்டைய வெட்டி, கல்லு கட்டி முடிச்ச பெறகுதான் மண்ணுல மெஷினை இறக்கினேன். போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். அழகான குட்டை. கரை உறுதியாக இருந்தது.

"அங்க அதிகாரிங்க ரொம்பக் கண்டிப்போ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல மேடம். குட்டை வேணும்னு இங்க யாருமே கேக்கல."

"அப்புறம் எதுக்கு வெட்டினீங்க?"

நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல அவர் குரல் மாறிவிட்டது.

"என்ன மேடம் இப்படிக் கேக்கிய? கீழ ஓடை இருக்குல்லா" என்றார்.